நேவியும் கறுப்பும்

திருப்பூர் மங்கலம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அந்த வேஸ்ட் குடோன் இருக்கிறது. தகரக் கூரை, அகலமான இரும்புக் கதவு, உள்ளே ஆள் உயரத்துக்குக் கட்டிங் வேஸ்ட். பனியன் கம்பெனிகளில் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, கழுத்தும் கையும் வெட்டியெடுத்த பிறகு மேசையில் மிஞ்சுகிற துண்டுகள் இவை. வெட்டுகிற துணியில் பத்தில் ஒரு பங்காவது இப்படிக் கழிந்துவிடும். கட்டிங் மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே இருக்கிற துணியை என்ன செய்ய முடியும்?

உள்ளே அத்தனை இடம் இருந்தும் துண்டுகளைப் பிரிக்கிற பெண்கள் எல்லாரும் வாசலை ஒட்டியே உட்கார்ந்திருந்தார்கள். ஏன் என்று அவர்களில் மூத்தவரிடம் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை.

“டியூப்லைட்டுல நேவியும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரியுங் கண்ணு. வெளிச்சத்துல புடிச்சாத்தான் பிரியும்.”

இரண்டு துண்டுகளை வெயிலில் நீட்டினார். உள்ளே கறுப்பாகத் தெரிந்ததில் ஒன்று நீலமாகிவிட்டது. அடர்நிற வேலையெல்லாம் நாலரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெள்ளையை எடுத்துக்கொள்வார்கள்.

நிறம் பிரிப்பதுதான் இங்கே வேலை என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் நிறத்துக்கு முன்னால் ரகம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது கண் அல்ல, விரல். துண்டை எடுத்தவுடன் இரண்டு கையாலும் ஒரு இழு. இழுத்ததும் சுருக்கென்று பழைய இடத்துக்கே திரும்பினால் லைக்ரா. அது தனி மூட்டைக்குப் போகிறது. துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் இயந்திரத்தின் முள் உருளைகளில் லைக்ரா இழை கிழியாமல் சுற்றிக்கொண்டு தொல்லை கொடுக்கும். ரப்பர் பிரிண்ட் விழுந்த துண்டும் ஆகாது. ஓரத்தில் பசை காய்ந்து விறைத்து, வரிசையாக ஊசித் துளை தெரிந்தால் அது துணியை விரித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தில் மாட்டிய கரைத்துணி. அதையும் ஒதுக்குகிறார்கள். பாலியஸ்டர் கலப்பா என்று சந்தேகம் வந்தால் முதலாளி ஒரு நூலைத் தெருவுக்கு எடுத்துப் போய்க் கொளுத்திப் பார்க்கிறார். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். குடோனுக்குள் தீக்குச்சிக்கு அனுமதியே இல்லை. காற்றெல்லாம் பஞ்சுத் தூசி, ஒரு பொறி போதும். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். அந்தத் துண்டும் குவியலில் இருந்து எடுத்த பனியன் துணிதான்.

நிறத்துக்கு வந்தால் வெள்ளைக்குத்தான் விலை அதிகம். அதிலும் ப்ளீச் செய்தது வேறு, கோரா வேறு. அப்புறம் லைட் கலர், டார்க் கலர், கிரே மெலஞ்ச். எதிலும் சேராதது கலர் மிக்ஸ். சிவப்பு மூட்டைக்குள் ஒரு கைப்பிடி மெரூன் போய்விட்டால் மில்லில் இருந்து திட்டு வரும் என்றார் ஒரு பெண். நியாயம்தான். இந்தத் துண்டுகள் பஞ்சாகி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லில் நூலாகும்போது துண்டின் நிறமே நூலின் நிறம். சாயம் போட வேண்டியதில்லை. கிழிபட்டுக் குட்டையான இழையில் மெல்லிய நூல் வராது, தடித்த நூல்தான் வரும். மிதியடி, மாப்பு, போர்வை, கையுறை எல்லாம் அதில் ஓடுகின்றன. சாயம் மிச்சமாவது என்பது இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு கலந்த வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. தண்ணீரே தொடாமல் ஒரு நிற நூல் கிடைக்கிறதென்றால், அந்தச் சாயவேலையை வாசலில் உட்கார்ந்திருக்கும் இவர்களுடைய கண் செய்கிறது என்றுதான் நான் சொல்வேன்.

பிரித்ததை வைப்பதிலும் கணக்கு இருக்கிறது. மூட்டைகள் தரையில் படாமல் மரப்பலகை மேல் நிற்கின்றன. வெள்ளை மட்டும் சுவரிலிருந்து தள்ளி, தார்ப்பாய் மூடி. ஈரம் ஏறினால் பூசணம் பிடித்துப் புள்ளி விழும், விழுந்தால் வெள்ளை விலை போய்விடும்.

மூத்தவர் மடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பை இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போகிற துண்டுகள். மகள் வயிற்றுப் பேரனுக்கு ஒட்டுப்போர்வை தைக்கிறார். பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். நிறம் எல்லாம் கலந்து கிடந்தது, ரகம் மட்டும் ஒன்று: இன்டர்லாக் பின்னல். சிங்கிள் ஜெர்சி ஒன்றுகூட இல்லை.

“அது வெட்டுன எடத்துல சுருட்டிக்கும். தெச்சா நேரா நிக்காது. இது சுருளாதுங்.”

பனியன் துணி இழுபடும். அதனால் துண்டோடு துண்டை மட்டும் தைத்தால் போர்வை ஒரு பக்கம் தொங்கிவிடும். அடியில் பழைய பருத்திச் சேலையை இரண்டு மடிப்பாக விரித்து, அதன் மேல் துண்டுகளை வைத்து ஓட்டுத்தையல் போடுகிறார். சேலை இழுபடாது, துணியைப் பிடித்து நிறுத்தும். நிறம் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்தார். நாள் முழுக்க நிறம் பார்த்த கண்ணுக்கு வீட்டிலாவது ஓய்வு வேண்டாமா என்றார். கைக்கு எது வருகிறதோ அது. மீதித் துண்டுகளை வீட்டில் அரிசிச் சாக்கில் போட்டு வைத்திருக்கிறாராம், அங்கும் தடிமன் ஒன்றாக இருப்பவை ஒரு சாக்கில். ஒட்டுத்தையலுக்குத் துணி சேர்க்கிற பலரும் நிறவாரியாக அழகாக அடுக்கிவிட்டு, தைக்கும்போது கனமும் மெல்லிசும் ஒத்துப்போகாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களை இந்த வாசலில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும்.

பனியன் கம்பெனியில் டெய்லர் டெய்லர்தான், கட்டிங் மாஸ்டர் மாஸ்டர்தான். இங்கே இத்தனை தெரிந்த மூத்தவருக்கும் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்கும் ஒரே பெயர், ஹெல்பர். கூலியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதைப்பற்றிக் கேட்டபோது முதலாளி பேச்சைப் பஞ்சு விலைக்குத் திருப்பிவிட்டார்.

அதற்குள் ஒரு டெம்போ வந்து நின்றது. டிரைவர் முழுக்க காட்டன் என்றார். முதலாளி மூட்டையைத் தொடவே இல்லை, “அக்கா, செத்த பாருங்க” என்றார். மூத்தவர் எழுந்துபோய் மூட்டையின் வாயில் இருந்ததை விலக்கி, முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். இழுத்தார். இன்னொரு மூட்டையிலும் அப்படியே.

“பாதி லைக்ராங்க. மேல மட்டும் காட்டன் போட்டிருக்காங்க.”

டிரைவர் போனில் யாரையோ கூப்பிட்டார். பேரம் கொஞ்ச நேரம் ஓடியது. கடைசியில் கிலோவுக்கு ஆறு ரூபாய் குறைந்து மூட்டைகள் இறங்கின. மூத்தவர் அதற்குள் வாசலுக்குத் திரும்பி, வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டிய கறுப்பை எடுத்துக்கொண்டிருந்தார்.