காத்தும் கல்லும் பேசும் ஜெஜூ!

ராத்திரி முழுக்க கொரியன் சீரியல் பார்த்துட்டு, காலையில முதல் பீரியட்ல தூங்கி விழுற ஆளா நீங்க? அப்படின்னா 2025-ல் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ பார்த்து கண்ணைக் கசக்கியிருப்பீங்க. கறுப்புக் கல் சுவர், மஞ்சள் பூ வயல், மூச்சடக்கி கடலில் குதிக்கிற அம்மா... அந்தக் கதை நடக்கிற ஊர்தான் ஜெஜூ. தென்கொரியாவின் மிகப் பெரிய தீவு. சியோலில் ஃப்ளைட் ஏறினா, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். வாங்க, ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வரலாம்!

மூணு கம்பு சொல்ற சேதி

ஜெஜூவுக்குன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. அங்கே மூணு விஷயம் ஜாஸ்தி... காத்து, கல், பெண்கள். மூணு விஷயம் கிடையவே கிடையாது... திருடன், பிச்சைக்காரர், வாசல் கேட்!

கேட் இல்லாம எப்படின்னு கேட்கிறீங்களா? வாசலின் ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட கல் தூண். அதில் குறுக்கே செருக மூணு மரக் கம்பு. பேரு ‘ஜொங்நாங்’. மூணு கம்பும் இறங்கியிருந்தா, ஆள் வீட்டில் இருக்காங்க. ஒரு கம்பு மாட்டியிருந்தா, பக்கத்துலதான் போயிருக்காங்க, வந்துடுவாங்க. ரெண்டுன்னா, வர சாயங்காலம் ஆகும். மூணுமே மாட்டியிருந்தா, வெளியூர்! நாம இப்ப மொபைலில் வைக்கிற ஸ்டேட்டஸை அவங்க எப்பவோ வாசலில் வெச்சுட்டாங்க. செங்கப் கிராமத்துக்குப் போனா இந்த வாசல்களை நேரில் பார்க்கலாம்.

தீவே எரிமலை கக்கினதுதான். அதனால எங்கே திரும்பினாலும் ஓட்டை ஓட்டையா கறுப்புக் கல். வயல் சுவர்களில் சிமென்ட் பூச்சே கிடையாது, சும்மா அடுக்கி வெச்சிருப்பாங்க. புயலுக்கு விழாதான்னு தோணும். கல்லுக்கு நடுவுல இருக்கிற சந்து வழியா காத்து பூந்து போயிடும். சுவர் அப்படியே நிக்கும்!

சூரியன் உதிக்கிற கிரீடம்

கிழக்கு முனையில இருக்கு ‘சியோங்சான் இல்ச்சுல்போங்’. சுமார் 5,000 வருஷத்துக்கு முன்னால கடலுக்கு அடியில் கிளம்பின எரிமலைக் குழம்பு, தண்ணியைத் தொட்டதும் வெடிச்சுச் சிதறி உருவான குன்று. உயரம் 180 மீட்டர் சொச்சம்தான். அரை மணி நேரத்தில் படியேறிடலாம். மேலே போனா, கிரீடத்தைக் கவிழ்க்காம வெச்ச மாதிரி பெரிய பச்சைக் கிண்ணம், சுத்தி கடல். விடியக்காலையில போங்க... சூரியன் உங்களுக்காகவே எழுந்து வர்ற மாதிரி இருக்கும். 2007-ல் யுனெஸ்கோ ஜெஜூவுக்கு உலக இயற்கைப் பாரம்பரியப் பட்டம் கொடுத்தப்போ, இந்தக் குன்றும் ஹல்லாசான் மலையும் எரிமலைக் குகைகளும் அதில் சேர்ந்துச்சு.

ஹல்லாசான் 1,947 மீட்டர். தென்கொரியாவிலேயே உசரமான மலை. உச்சி வரைக்கும் போகணும்னா முன்கூட்டியே பதிவு பண்ணணும், ஒரு நாள் முழுசா ஒதுக்கணும். அவ்வளவு தம் இல்லைன்னா கவலை வேண்டாம் பாஸ்... ‘ஓரும்’னு சொல்ற குட்டிக் குட்டி எரிமலைக் குன்றுகள் தீவில் 360-க்கும் மேல இருக்கு. ஏதாவது ஒண்ணுல ஏறுங்க!

கடலுக்குள்ளே பாட்டிகள்

கரையில் நிக்கும்போது திடீர்னு ஒரு விசில் சத்தம் கேட்டா, சுத்திமுத்தி பசங்களைத் தேடாதீங்க. அது பாட்டியோட மூச்சு! ‘ஹேன்யோ’ன்னா கடல் பெண். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாம, பத்து மீட்டர் ஆழம் வரை முங்கி, ஒரு நிமிஷத்துக்கு மேல மூச்சடக்கி, சங்கு வகையும் கடல்பாசியும் எடுத்துட்டு வர்றவங்க. மேலே வந்ததும் அடக்கின மூச்சை விடுறப்போ வர்ற சத்தம்தான் அந்த விசில். அதுக்கு ‘சும்பிசோரி’ன்னு பேரு.

இவங்க சம்பாத்தியத்தில்தான் எத்தனையோ பிள்ளைங்க காலேஜ் போனாங்க. 1932-ல் ஜப்பானியர் ஆட்சியின் சுரண்டலை எதிர்த்துத் தெருவில் இறங்கினதும் இவங்கதான். 2016-ல் யுனெஸ்கோ இந்தக் கலாசாரத்தையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனா, 1960-களில் இருபதாயிரத்துக்கும் மேல இருந்தவங்க, இப்போ மூவாயிரத்துக்கும் கீழே. அதிலும் பெரும்பாலானவங்க அறுபதைத் தாண்டினவங்க. மகள்கள் கடலுக்கு வரலை. வர வேண்டாம்னு சொன்னதும் பல அம்மாக்களேதான்.

போட்டோவில் விழாத ஜெஜூ

இல்ச்சுல்போங் பக்கத்துலேயே ‘க்வாங்ச்சிகி’ கடற்கரை. அலை உள்வாங்கினா பாசி படிஞ்ச பச்சைப் பாறைகள் தெரியும். பின்னணியில் அந்தக் குன்று. ஜெஜூவிலேயே செம போட்டோ ஸ்பாட். எடுங்க, தப்பில்லை. எடுத்துட்டு, பக்கத்துல இருக்கிற நினைவுக் கல்லையும் ஒரு தடவை பாருங்க. சுத்துவட்டாரக் கிராமத்து ஜனங்களைக் கூட்டிட்டு வந்து சுட்டுக் கொன்ன இடம் அது.

நடந்தது இதுதான். கொரியா ரெண்டா உடையப்போற நேரம். தெற்குக்கு மட்டும் தனித் தேர்தல்னு முடிவாச்சு. அதையும் போலீஸ் அடக்குமுறையையும் எதிர்த்து, 1948 ஏப்ரல் 3-ம் தேதி இடதுசாரி ஆயுதக் குழு ஒண்ணு ஜெஜூவின் போலீஸ் நிலையங்களைத் தாக்குச்சு. அரசு திருப்பி அடிச்ச அடி, தீவு மொத்தத்து மேலயும் விழுந்தது. கடற்கரையிலிருந்து 5 கிலோமீட்டரைத் தாண்டி உள்பகுதியில் யார் நடமாடினாலும் எதிரிதான்னு அறிவிச்சாங்க. மலையோரக் கிராமங்களைக் கொளுத்தினாங்க. 1954 வரை நீண்ட அந்தக் கொடுமையில் செத்தவங்க 25,000 முதல் 30,000 பேர்னு ஒரு மதிப்பீடு. தீவின் ஜனத்தொகையில் பத்தில் ஒருத்தர்! ஆயுதக் குழு கொன்னவங்களும் உண்டு. ஆனா, பெரும்பாலானவங்க அரசுப் படைகள் கையில் செத்தவங்க.

அதைவிடக் கொடுமை, அப்புறம் வந்த மௌனம். பல வருஷம் வாயைத் திறக்கவே முடியலை. 1978-ல் இதை வெச்சுக் கதை எழுதின ஹ்யோன் கி-யங் கைதாகி சித்ரவதைக்கு ஆளானார். 2003-ல்தான் அதிபர் ரோ மூ-ஹ்யுன் அரசு சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2024-ல் நோபல் வாங்கின ஹான் காங்கின் ‘வீ டு நாட் பார்ட்’ நாவல் இந்தக் காயத்தைப் பத்தினதுதான்.

ஜெஜூ நகரத்தில் 2008-ல் திறந்த அமைதிப் பூங்காவுக்கு அரை நாளாவது ஒதுக்குங்க. உள்ளே ஒரு வெள்ளைக் கல், எழுத்தே இல்லாம படுத்துக் கிடக்கும். நடந்தது கிளர்ச்சியா, போராட்டமா, படுகொலையா... சரியான பேர் இன்னும் முடிவாகலை. முடிவாகுற அன்னிக்குத்தான் அதில் பேர் எழுதி நிமிர்த்தி நிறுத்துவாங்களாம்.

குளிர்காலத்தில் போனா, தோட்டம் தோட்டமா சிவப்புக் கமேலியாப் பூக்களுக்கு நடுவில் எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு இருப்பாங்க. அந்தப் பூ இதழ் இதழா உதிராது. முழுசா, தலையோட விழும். அதனாலதான் செத்தவங்களுக்கான அடையாளமா அதையே சட்டையில் பேட்ஜா குத்திக்கிறாங்க.

திரும்பி வர ஏர்போர்ட் போவீங்க இல்லையா... 2007-லிருந்து 2009 வரை அந்த ஏர்போர்ட் வளாகத்தைத் தோண்டினப்போ, நூத்துக்கணக்கானவங்களோட எலும்புகள் கிடைச்சது. ஃப்ளைட் மேலே கிளம்புறப்போ ஹெட்போனைக் கழட்டி வெச்சுட்டு, ஜன்னல் வழியா ஒரு நிமிஷம் கீழே பாருங்க. மூணு கம்பையும் மாட்டிட்டுப் போய், திரும்பி வரவே முடியாமப்போன எத்தனையோ பேரின் ஊர் அது!