இருபத்தோர் எழுத்து

மாணவர் கையிலுள்ள தொலைபேசியில் இன்று ‘ஔ’ வேண்டுமாயின் ‘ஔ’ வருகிறது. ‘ஞ’ வேண்டுமாயின் ‘ஞ’ வருகிறது. அவ்வெழுத்துகள் அங்கே எவ்வாறு வந்தன என்று அவர்கள் கேட்பதில்லை. மழை பெய்வதுபோல அவை இயல்பாய் வந்தன என்பதே அவர்கள் எண்ணம். தமிழே அறியாத ஒரு பெட்டிக்குள் 21 எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் குடியேற்றிய நினைவு எமக்கு உண்டாதலால், அவ்வாறு எண்ண எம்மால் இயலவில்லை.

2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தோடு ஈச்சிலம்பற்றுக்கு வரும் பாதைகள் சற்றே திறந்தன. இலண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர், பழம்பொருட் சந்தையில் வாங்கிய கணினியொன்றை, ஊரிலே வானொலி திருத்திப் பிழைத்த எம் மாமாவிடம் கொடுத்துச் சென்றார். 1982 ஏப்ரலில் பிரித்தானியாவில் வெளிவந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் அது. எம்மிலும் வயதில் மூத்தது. 48 கிலோபைற்று நினைவகம் கொண்ட அவ்வகை, வெளிவந்தபோது 175 பவுணுக்கு விற்கப்பட்டது. பாடப்புத்தகத்தின் அளவு, கறுப்பு உடல், 40 இறப்பர் விசைகள், உள்ளே செக்கனுக்கு 35 இலட்சம் துடிப்புகளில் இயங்கும் இசெட் 80ஏ செயலி.

எமது வீட்டில் மின்சாரம் இருக்கவில்லை. கார் பற்றரியில் ஓடும் சிறு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஒன்றே இருந்தது. கணினிக்கு வேண்டியது 9 வோல்ற்று; பற்றரி தருவதோ 12. மாமா அதைக் குறைக்கும் சிறு சுற்றொன்றை ஈயம் பற்றவைத்து அமைத்தார். அக்கணினியின் மின்செருகியில் நடுமுனை எதிர்முனையாகும். மாற்றிக் கொடுத்தால் இயந்திரம் கருகிவிடும். எனவே மாமியின் நகப்பூச்சால் செருகியில் ஓர் அடையாளம் இட்டார். 15 நிறங்களைக் காட்டவல்ல அவ்வியந்திரத்தை நாம் சாம்பல் நிறத்திலேயே அறிந்தோம். ஒலிநாடாவிலிருந்து பெரிய நிரலொன்று கிறீச்சிட்டபடி ஏறி முடிய ஐந்து நிமிடமாகும். இடையிலே பற்றரி தளர்ந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“இதுக்கு ஒண்டும் தெரியாது, மனே. நாமதான் சொல்லிக் குடுக்கணும்,” என்பார் மாமா.

அது மெய்யே. மின் இணைத்ததும் அது விளம்பரம் காட்டவில்லை. எமது பெயர் கேட்கவில்லை. கட்டளைக்காகக் காத்து நின்றது. ஆங்கில எழுத்துக்கூட்டல் அறியாத எமக்கு, ‘பி’ என்னும் விசையைத் தொட்டதும் ‘பிரிண்ட்’ என்ற முழுக்கட்டளையும் திரையில் வந்து விழுந்தது பெரும் வியப்பாயிருந்தது.

ஸ்டீவன் விக்கர்ஸ் எழுதிய கைந்நூலும் உடன் வந்திருந்தது. அகராதியின் துணையோடு மாமா அதை வரிவரியாய்ப் படித்தார். அதில் ஓரிடத்திலே, கணிதத்தில் வழங்கும் ‘பை’ என்ற கிரேக்க எழுத்தைக் கணினிக்குக் கற்பிக்கும் முறை கூறப்பட்டிருந்தது. பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ள 21 எழுத்திடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் எட்டு வரி, வரிக்கு எட்டுப் புள்ளி. “கிரேக்கம் வருமெண்டா தமிழும் வரும்,” என்றார்.

சதுர ரூல் கொப்பியில் நாம் பென்சிலால் கட்டங்களை நிரப்பினோம். ‘ப’ எளிது: முதல் வரி வெறுமை, அடுத்த ஐந்தும் 01000010, ஏழாவது 01111110, எட்டாவது மீண்டும் வெறுமை. தமிழுக்கோ 247 எழுத்துகள். இருந்த இடங்கள் 21. ஊரின் பெயருக்கு எட்டு இடங்கள் சென்றன. ‘அம்மா’வுக்கு, முன்னரே அமைந்த ‘ம்’ போக, அகரமும் மகரமும் காலுமாக மூன்று. எஞ்சிய பத்துக்காகப் பிள்ளைகள் யாவரும் சண்டையிட்டோம். ஒவ்வொருவருக்கும் தத்தம் பெயர் வேண்டியிருந்தது. ‘று’வின் வாலுக்கு இடம் போதாமையால் அதைச் சற்றே வெட்ட நேர்ந்தது. ஆயினும் ஒருநாள் மாலை ‘ஈச்சிலம்பற்று’ என அத்திரையில் எழுந்தபோது மாமி விளக்கைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தார். 21 எழுத்துகளும் சேர்ந்து 168 பைற்றுகள். பழைய சினிமாப் பாட்டு நாடாவொன்றின் மேல் அவற்றைப் பதிந்து வைத்தோம்.

2006இல் மீண்டும் மூண்ட போர் ஊரை விரட்டியது. வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்கும் பின் மட்டக்களப்புக்கும் சென்றோர் அரிசியைச் சுமந்தனர், குழந்தைகளைச் சுமந்தனர். கணினியைச் சுமக்க எவருக்கும் கையில்லை. 2007இல் நாம் திரும்பியபோது வீட்டிற்குக் கூரையில்லை. கணினியும் இல்லை, நாடாவும் இல்லை.

பின்னாளில் படித்தறிந்தோம்: அவ்வியந்திரங்களைப் பூட்டியவர்கள் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரத்து டைமெக்ஸ் ஆலைத் தொழிலாளர், அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். 1993இல் வேலைநிறுத்தம் செய்த அவர்கள் வேலைநீக்கப்பட்டனர். அவ்வாண்டே ஆலையும் மூடப்பட்டது. எம் வீட்டில் இருந்தது அவர்களது உழைப்பு. முன்பின் அறியாத இரு கூட்டத்தாரை ஒரு பெட்டி இணைத்திருந்தது. இரு கூட்டத்தாரும் அதை இழந்தோம்.

அக்கணினி தமிழை அறிந்திருக்கவில்லை. ஆனால் கற்பிக்க இடம் விட்டிருந்தது. இன்றைய தொலைபேசிக்குத் தமிழ் தெரியும். 1991 முதல் யூனிகோட்டில் தமிழ் உண்டு. அது பலரது உழைப்பின் பேறு, அதை நாம் குறைத்துரையோம். வேகத்தில் அது ஸ்பெக்ட்ரத்தைப் பல நூறு மடங்கு விஞ்சும். எனினும் மாணவர் அதனிடம் பெறுகின்றனரேயன்றி அதற்கு எதையும் கற்பிப்பதில்லை. வாங்குவோராய் மட்டுமே அவர்களை அது காண்கிறது. ஏழைப் பிள்ளையின் கையிலும் கருவி வந்துவிட்டது என மகிழ்வோர், அதன் கதவு எப்பக்கம் திறக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆண்டுதோறும் எமது வகுப்பில் சதுர ரூல் கொப்பியை எடுக்கச் சொல்கிறோம். எட்டுக்கு எட்டுக் கட்டத்துள் ஊரின் பெயரை எழுதச் சொல்கிறோம். இவ்வாண்டு ஒரு மாணவி ‘று’வில் நெடுநேரம் நின்றுவிட்டாள். பலமுறை அழித்தபின் தலைநிமிர்ந்து கேட்டாள்: “எட்டுக் கட்டம் போதாதே, சேர். எட்டு எண்டு ஆர் முடிவெடுத்தது?”

அன்றைய பாடம் அவ்வினாவிலிருந்தே தொடங்கிற்று.