கேகாலை மலைப்பாதையில் ஒரு படகு



கேகாலைக்குக் கடல் இல்லை. கொழும்பிலிருந்து கண்டி வீதியில் வரக்காப்பொல, கலிகமுவ கடந்து வந்தால் இறப்பர் மரங்களும் வயல்களும் மேலேறிச் செல்லும் மலைகளும்தான் கண்ணில் படும். இந்த ஊருக்குப் படகு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அடைமழைக் காலத்தில் ஒருமுறை வந்து பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டீர்கள்.

மாவட்டத்தின் வடக்கே மா ஓயா மாவனெல்லையைத் தொட்டு ஓடுகிறது. தெற்கே களனி கங்கை கித்துல்கலையிலிருந்து எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லைப் பக்கமாக இறங்குகிறது. மலையில் பெய்யும் மழை ஒரே இரவில் இவற்றை நிரப்பிவிடும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் வந்தபோதும் இந்த மாவட்டம் வெள்ளத்தையும் மண்சரிவையும் கண்டது. இத்தகைய நாட்களில் கரையோரத்துப் படகுகள் வாகனத்தின் பின்னால் ஏறி உள்நாட்டு ஆறுகளுக்கு வருகின்றன. வெள்ளம் சூழ்ந்த வீட்டில் பிள்ளைகளோடு காத்திருக்கும் ஓர் உம்மாவுக்கு அந்தப் படகு பத்திரமாக வந்து சேர்வதுதான் உயிர்.

சின்னக் கம்பி, பெரிய பலம்

தோட்டப் பகுதிகளில் பழைய லேண்ட் ரோவர் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். 1948இல் இங்கிலாந்தில் விவசாயிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட வாகனம் அது. அதில் வழக்கமான கியர் கம்பியோடு இன்னொரு கம்பியும் இருக்கும். அதை ‘லோ’ என்ற நிலைக்கு மாற்றினால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். வேகம் பாதிக்கும் கீழே குறையும். சக்கரத்துக்குக் கிடைக்கும் இழுக்கும் பலமோ வாகனத்துக்கேற்ப இரண்டு முதல் மூன்று மடங்குக்கு மேலும் கூடும்.

இதன் அருமை ஏற்றத்தில் தெரியும். பத்தடிக்கு ஓரடி உயரும் பாதையில் 1000 கிலோ எடையுள்ள படகும் ட்ரெயிலரும் ஏறக்குறைய 100 கிலோ பலத்தோடு வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கும். சேறும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். வேகமாக ஏறப் பார்த்தால் சக்கரம் சுழன்று குழி தோண்டும், கிளச் கருகும். லோவில் ஆமைபோல ஊர்ந்தால் ஏறிவிடலாம். கடுகண்ணாவை ஏற்றத்துக்கு நீராவி ரயில் காலத்தில் ரம்புக்கனையில் இன்னோர் எஞ்சினைப் பூட்டினார்கள். அந்த இரண்டாவது எஞ்சின் செய்த வேலையை ஜீப்பில் இந்தச் சின்னக் கம்பி செய்கிறது.

இறக்கத்தில்தான் ஆபத்து

ஏற்றத்தைவிட இறக்கமே பயங்கரமானது. அப்போது பின்னாலுள்ள படகு வாகனத்தைத் தள்ளும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வாகனத்தைப் பிடித்து நிறுத்தும்படி செய்வதுதான் முறை. மண்பாதை, கற்பாதையில் லோவில் இறங்கலாம். காய்ந்த தார் வீதியில் பெரும்பாலான ஜீப்புகளில் நான்கு சக்கர இழுவையைப் பூட்டக்கூடாது. திரும்பும்போது உள்ளே பற்சக்கரங்கள் இறுகிப் பழுதாகும். அங்கே சாதாரண கியரிலேயே இரண்டாவதோ முதலாவதோ போட்டால் போதும். பெரும்பாலான வாகனங்களில் லோவுக்கு மாற்றுவதற்கு முன் நின்றுவிட வேண்டும்.

படகுக்குள் தேங்கிய மழைநீரும் பாரமே. 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. ஆகவே தரையில் வரும்போது படகின் அடியிலுள்ள அடைப்பைக் கழற்றி வைப்பார்கள். ஆற்றில் இறக்குமுன் மறவாமல் மாட்டுவார்கள். பாரம் பின்பக்கம் கூடினால் ட்ரெயிலர் பாம்புபோல வளைந்தாடும். அதனால் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு முன்னால் கொக்கியின் மேல் அமரும்படி படகை வைப்பது நல்லது.

நாம் செய்யக்கூடியது

“இதெல்லாம் சாரதியின் வேலை, நமக்கென்ன?” என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருந்துகொண்டு “கொஞ்சம் சுறுக்காப் போங்களேன்” என்று அவசரப்படுத்துவது பல வேளைகளில் நாம்தான்! நிவாரணப் பொருட்களோடு தோட்டத்து லயன்களுக்குப் போகும்போதும், மலையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போதும் மெதுவாகப் போகும் சாரதிக்கு நன்றி சொல்லுங்கள்.

ஆற்றங்கரையில் படகை இறக்க வாகனம் பின்னோக்கிச் செல்லுமுன் நீங்களும் பிள்ளைகளும் இறங்கித் தூரத்தில் நில்லுங்கள். ட்ரெயிலரின் பின்னாலோ பக்கத்திலோ யாரும் நிற்க வேண்டாம். இழுத்துச் செல்லும் படகுக்குள் பிள்ளைகளை விளையாட்டுக்குக்கூட ஏற்ற வேண்டாம். வாகனம் நின்றதும் சக்கரத்துக்குக் கல்லோ கட்டையோ வைக்கச் சொல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்களுடன் பிரயாணம் செய்த தோழர்கள் மேட்டில் ஏறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்வார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கும்படியும் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். கேகாலையின் வளைவுகளில் நாவுக்கு அந்தத் திக்ரும், கைக்கு அந்தச் சின்னக் கம்பியும் வேண்டும். வெள்ளத்தில் காத்திருப்போரிடம் உதவியைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கவும், நம் பிரயாணங்கள் ஸலாமத்தாக முடியவும் அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.