அனாமத்துக் கணக்கும் ஒரு பின்சக்கரமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்ல. எழுதினா என் தப்பை நானே ஒத்துக்கணும். அதான்.

எங்க ஊர் இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் பக்கத்துல, சுத்தி வயலும் நடுவுல குமாரர் கோயிலுமா இருக்கற ஊர். ஜூன் பொறந்தா மேக்க மலை கறுக்கும், சாரல் அடிக்கும். வெளியூர்க்காரங்களுக்கு அது சீசன். சைக்கிள் வச்சிருக்கறவனுக்கு அது பிரேக் பரீட்சை.

நம்ம சைக்கிள் மாமா பையன்கிட்ட 2500 ரூபாய்க்கு வாங்கின செகண்ட் ஹேண்ட். திருநெல்வேலியில இருந்து பிரிஞ்சு நாங்க தென்காசி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்ல. சைக்கிள் அதுக்கும் மூத்தது. பின்னால ஏழு பல்சக்கரம், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். வாங்கின புதுசுல அந்தத் தட்டைத் தொடைச்சுத் தொடைச்சே பாதி நேரம் போகும். (சிரிக்காதீங்க, நீங்களும் செஞ்சிருப்பீங்க.)

போன வருஷம் சீசன் ஆரம்பத்துல பின்னால இருந்து ஒரு சத்தம். "ஸ்ஸ்ஸ்ஸ்..."ன்னு விடாம. பிரேக் பிடிக்காமலே பிடிச்ச மாதிரி ஒரு இழுவை. மிதிச்சா முட்டி வலிக்குது.

இங்க கொஞ்சம் விளக்கிடறேன். பின்சக்கரத்தோட ஹப்ல ஆறு போல்ட் போட்டு 160 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு எஃகுத் தட்டு மாட்டியிருக்கும். அதோட கனம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை ரெண்டு பக்கமும் கவ்வுற மாதிரி ரெண்டு பேட், ஒரு காலிப்பருக்குள்ள. என்னோடது மாதிரி கேபிள் இழுத்து வேலை செய்யற விலை குறைஞ்ச டிஸ்க்ல பெரும்பாலும் ஒரு பேட்தான் நகரும். அது தட்டைத் தள்ளிக்கிட்டுப் போய், அசையாம நிக்கற இன்னொரு பேட் மேல சாய்க்கும். ரெண்டுக்கும் நடுவுல நசுங்கிச் சக்கரம் நிக்கும். அந்த அசையாத பேடை எவ்வளவு கிட்ட வைக்கணும்னு எல்-கீ போட்டுத் திருப்பி நாமதான் முடிவு பண்ணணும்.

நான் என்ன பண்ணினேன்? எல்-கீயை எடுத்து அந்தப் பேடைப் பின்னால தள்ளினேன். சத்தம் குறைஞ்சது. இன்னும் தள்ளினேன். கேபிளையும் கொஞ்சம் தளர்த்தினேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. பிரேக்கை அழுத்தினா லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வந்து முட்டுது. ஆனாலும் ஏதோ பிடிக்குதுல்ல, போதும்னு விட்டுட்டேன். பத்து நிமிஷ வேலை. யாருக்கும் காசு கொடுக்கல. ஒரே பெருமை.

அன்னைக்குச் சாயங்காலம் தங்கச்சி டியூஷனுக்குக் கிளம்பினா. பிளஸ் டூ. "அண்ணே, பிரேக் சரியாயிட்டா?"ன்னு கேட்டா.

"எல்லாம் பாத்துட்டேன், எடுத்துட்டுப் போ"ன்னேன்.

திரும்பி வரும்போது நல்ல சாரல். எங்க தெரு திரும்பற எடத்துல எதுக்க ஒரு ஆட்டோ. பின்பிரேக்கைப் பிடிச்சிருக்கா, வண்டி நிக்கல. முன்பிரேக்கை ஏன் பிடிக்கலன்னா, அதுவும் என்னாலதான். சைக்கிள் கத்துக் கொடுத்தப்ப, "முன்பிரேக் பிடிச்சா தலைகுப்புற விழுவ, தொடாத"ன்னு சொல்லி வச்சிருந்தேன். நிறுத்தும்போது எடை முன்னால சாயறதால, நிறுத்தற வேலையில பெரும்பங்கு முன்சக்கரத்தோடது. ரெண்டையும் சேர்த்து, அளவா அழுத்தணும். இது எனக்கே அப்புறமாத்தான் தெரியும். அவ ஆட்டோவைத் தவிர்க்க ஒடிச்சு, வாய்க்கால் கரையில விழுந்துட்டா. இடது மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியில அப்பா கேட்டார், "எப்படிம்மா விழுந்த?"

அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. "நான்தான்ப்பா வேகமா வந்துட்டேன்."

நான் பேசாம நின்னேன். அதுதான் இந்தக் கதையில எனக்குப் பிடிக்காத எடம்.

பி.காம் படிக்கிறவங்களுக்கு அனாமத்துக் கணக்கு தெரியும். மத்தவங்களுக்கு: இருப்பாய்வுல ரெண்டு பக்கமும் சமமா வரலைன்னா, வித்தியாசத் தொகையைத் தற்காலிகமா ஒரு கணக்குல போட்டு வைப்போம். அதுக்குப் பேர் அனாமத்துக் கணக்கு. பார்க்க ரெண்டு பக்கமும் டாலி ஆகியிருக்கும். ஆனா பிழை எங்கயோ அப்படியேதான் இருக்கும். அதைத் தேடிப் பிடிச்சுச் சரி செய்யறதுக்குப் 'பிழைத் திருத்தம்'னு பாடத்துல தனி அத்தியாயமே உண்டு. நான் பிரேக்குக்குப் பண்ணினது அனாமத்துக் கணக்கு. சத்தம் டாலி ஆச்சு, பிழை உள்ளேயே இருந்தது. அப்பா முன்னால பேசாம நின்னதும் அதே கணக்குதான்.

அப்பா, "அந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுரு"ன்னுட்டார். நான் அதைத் தள்ளிக்கிட்டு தென்காசியில ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்கு அறுபதுக்கு மேல இருக்கும். டிஸ்க்கைப் பார்த்துட்டுச் சொன்னார்:

"இந்தத் தட்டு பிரேக்கெல்லாம் எனக்கு அவ்வளவாத் தெரியாது தம்பி. சக்கரம் தெரியும்."

பிரேக்கை அவர் தொடவே இல்ல. பின்சக்கரத்தைத் தூக்கி, ரிம்மைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டினார். கடகடன்னு ஆடிச்சு. "கோன் லூசு." அப்புறம் பின்னால இருந்து குனிஞ்சு பார்த்தார். டயர் ஃபிரேமோட ஒரு பக்கம் ஒட்டி, சாய்ஞ்சு நின்னுச்சு. சக்கரத்தைக் கழட்டி ஆக்சிலை உருவி, பக்கத்து டீக்கடை வடைப்பெட்டிக் கண்ணாடி மேல உருட்டினார். நேரான ஆக்சில்னா வழுக்கிட்டு ஓடும். என்னோடது நொண்டி நொண்டி ஓடிச்சு.

"பின்னால ஆளை வச்சு ஓட்டுதியோ?"

சீசன் பூரா ஐந்தருவிக்கு ஃபிரண்டை கேரியர்ல வச்சு டபுள்ஸ் அடிச்சது நான்தானே! தலையைச் சொறிஞ்சேன்.

அவர் விளக்கினது இதுதான். இந்த மாதிரி ஹப்ல பல்சக்கரக் கொத்து ஹப்புக்கு வெளியே திருகி நிக்கும். வலது பக்கக் குண்டுகள் அதுக்கும் உள்ள தள்ளி இருக்கும். அங்க இருந்து ஃபிரேம் வரைக்கும் ஆக்சில் தாங்கல் இல்லாமத் தனியா நீட்டிக்கிட்டு இருக்கு. பாரம் ஏத்திப் பள்ளத்துல இறக்கினா அந்த எடத்துலதான் வளையும். ஆக்சில் வளைஞ்சா சக்கரம் சாயும், கூடவே தட்டும் சாயும்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தட்டோட ஆரம் 80 மில்லிமீட்டர். 26 இஞ்ச் சக்கரத்துல ரிம்மோட ஆரம் சுமார் 280. தட்டோட விளிம்பு அரை மில்லிமீட்டர் சாய்ஞ்சா ரிம்முல அது ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர். பழைய ரப்பர் கட்டை பிரேக்குல ரெண்டு, மூணு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கறதால அது தாங்கிக்கும். டிஸ்க்ல அந்த அரை மில்லிமீட்டரே பெருசு. டிஸ்க் புதுசா எந்தத் தப்பும் பண்ணல. முன்னாடி மறைஞ்சு கிடந்த தப்பைச் சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். நான் அதோட வாயைப் பொத்திட்டேன்.

புது ஆக்சில், ரெண்டு கோன், பக்கத்துக்கு ஒன்பதா பதினெட்டு கால் இஞ்ச் குண்டு, கிரீஸ். கூலியோட சேர்த்து 350 ரூபாய். கோனைக் கையால முட்ட விட்டு, ஒரு பொட்டு பின்னால திருப்பி, லாக் நட்டை இறுக்கினார். சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு விட்டா, வால்வு இருக்கற பக்கம் தானா ஆடி ஆடிக் கீழ வந்து நின்னுச்சு. ஆட்டமும் இல்ல, பிடிப்பும் இல்ல. அதுதான் அளவுன்னார்.

அப்புறம்தான் பிரேக்கை நான் தொட்டேன். காலிப்பரோட ரெண்டு போல்டையும் தளர்த்தி, தட்டு நடுவுல வர்ற மாதிரி வச்சு, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கினேன். அசையாத பேடுக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு அளவு இடைவெளி. கேபிளை இழுத்து, லீவர் பாதி தூரத்துலயே பிடிக்கிற மாதிரி வச்சேன். கிரீஸ் கை தட்டுல பட்டிருக்கும்னு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன். ஊர் எல்லைக்குப் போய் இருபது தடவை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி... சத்தமும் இல்ல, வண்டியும் நிக்குது. ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறது இப்பப் புரியுது.

உங்க வண்டியிலயும் உரசல் கேட்டா இதைப் பாருங்க. சுத்துக்கு ஒரு தடவை மட்டும் "சிக்"னு கேட்டா தட்டு கோணல். விடாம உரசினா சக்கரமோ காலிப்பரோ நேரா இல்ல. வளைவுல சாயும்போது மட்டும் கேட்டா கோன் லூசா இருக்கலாம். எதுவா இருந்தாலும் முதல்ல ஹப், அப்புறம் சக்கரம் நேரா உட்கார்ந்திருக்கா, கடைசியாத்தான் பிரேக்.

அன்னைக்கு ராத்திரி அப்பாகிட்ட உண்மையைச் சொன்னேன். பதினாறு நாள் தாமதம். திட்டுவார்னு நின்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "அவகிட்ட சொன்னியா?"ன்னார். சொல்லல. போய்ச் சொன்னேன்.

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே அண்ணே"ன்னா. மாவுக்கட்டுக் கையால என் மண்டையில ஒண்ணு போட்டா. நல்ல வலி.

கட்டு பிரிச்ச பிறகு அவ மறுபடி ஓட்டறா. கிளம்பறதுக்கு முன்னால சைக்கிளை வாசல்ல நிறுத்தி, ரெண்டு பிரேக்கையும் அவளே அழுத்திப் பார்க்கறா. நான் சொல்ற "சரியா இருக்கு"ங்கறதை இப்ப அவ நம்பறதில்ல. ஆடிட்டிங் படிக்கிறவனா எனக்கு அது சரின்னுதான் படுது. அண்ணனா இருக்கும்போதுதான் கொஞ்சம் உறுத்துது.