பதின்மூவாயிரம் அடி

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஓர் அபாயம் உண்டு. தெரியாத விஷயத்துக்கும் உடனே பதில் சொல்லிவிடும் பழக்கந்தான் அது. இருபது வருஷமாகப் பௌதிக சாஸ்திரம் போதித்து வரும் நாம், சென்ற ஜூன் மாதம் அந்தப் பள்ளத்தில் தலைகுப்புற விழுந்தோம்.

செம்மண்டலத்தில் நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பையன் ஒருவன் நம் வகுப்பில் வாசிக்கிறான். பழைய பத்திரிகைப் படம் ஒன்றை அவன் நம் மேஜைமேல் வைத்தான். பம்பாயில் வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் அமரும் ஆகாய விமானத்தைக் கட்டிய அமோல் யாதவ் என்னும் விமானியைப் பற்றியது அது. 2016-ல் அங்கு நடந்த கண்காட்சியில் அவ்விமானம் ஜனங்களின் பார்வைக்கு வந்தது. 2017-ல் சர்க்கார் பதிவும் கிடைத்தது. நிமிஷத்துக்கு 1,500 அடி ஏறும், 13,000 அடி வரை போகும் என்பது கட்டியவர் கணக்கு.

சொந்தமாக விமானம் கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னையில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ் என்பவர், வண்டி கட்டும் ஸிம்ப்ஸன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் செய்வித்து, 1910-லேயே பறந்து காட்டினார். அன்று தரையை விட்டு எழுந்ததே பெரிய காரியம். நம் பையனோ உயரத்தைப் பற்றிக் கேட்டான்.

"சார், மேலே போகப் போகக் குளிர்ச்சி. குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம். அப்படியானால் மேலே எஞ்சின் இன்னும் பலமாக ஓடுமா?"

"பேஷாக ஓடும்!" என்றோம். மணியும் அடித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஏதோ உறுத்தியது. இரவுச் சாப்பாட்டின்போது நம் மனைவி, "என்னங்க, பருப்பு சரியா வேகலையா? ஊட்டியிலே நாலு நாள் பட்ட பாடு மாதிரி முழிக்கிறீங்களே!" என்றாள். கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாததற்குக் காரணம் காற்றின் அமுக்கம் குறைவு. குளிரை நினைத்த நாம் அமுக்கத்தை அடியோடு மறந்திருந்தோம்!

13,000 அடியில் சராசரியாகப் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி. குளிர்தான், சந்தேகமில்லை. ஆனால் காற்றின் அமுக்கமோ கடல் மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 61 பங்குதான். குளிர் கொஞ்சம் ஈடு செய்தும் அடர்த்தி 67 பங்கைத் தாண்டுவதில்லை. எஞ்சின் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் மூன்றில் ஒரு பங்கு காற்று நஷ்டம். கடற்கரையில் நூறு குதிரைச் சக்தி காட்டுவது அங்கே அறுபத்துச் சொச்சம் காட்டினால் அதிகம். காற்று குறைந்தபோது பெட்ரோலையும் குறைக்காவிட்டால், விறகைத் திணித்த அடுப்பைப் போல் எஞ்சின் திணறும். இறக்கைக்கும் அதே கதி. அதே பாரத்தைத் தாங்க ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிக வேகம் வேண்டும். இப்படி ஏறும் சக்தி தேய்ந்து தேய்ந்து, நிமிஷத்துக்கு 100 அடிதான் ஏறுகிறது என்ற நிலை வரும்போது, அதையே அந்த விமானத்தின் உச்ச வரம்பு என்கிறார்கள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, மெல்லிய காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டுவார்கள். கேரளத்திலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறிய அசோக் தாமராட்சன் என்னும் எஞ்சினீயர், கொரோனாக் காலத்தில் தம் கையாலேயே பூட்டி, 2022-ல் பறக்கவிட்ட 'ஸ்லிங்' விமானம் இந்த வகையைச் சேர்ந்தது. அதன் எஞ்சின் 15,000 அடி வரை பலம் குன்றாது.

மனிதனுக்குத்தான் அந்த விசிறி கிடையாது. பதினாயிரம் அடிக்கு மேல் பிராணவாயு குறைந்து புத்தி மங்கும். மங்குவது மங்குகிறவனுக்கே தெரியாது, குதூகலமாகக்கூட இருக்கும். தப்பான பதிலைக் குதூகலமாகச் சொன்ன நாம் கடல் மட்டத்திலேயே அந்த ஸ்திதியை எய்திவிட்டோம்!

மறுநாள் வகுப்பில், "நேற்று நாம் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தோம். சொல்வதற்கு முன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டதை மறைப்பானேன்? கடைசி பெஞ்சியில் சிரிப்பு எழுந்தது. கேள்வி கேட்ட பையன் மட்டும் சிரிக்கவில்லை. கரும்பலகையில் எழுதியதையெல்லாம் எழுதிக்கொண்டு, மெதுவாக எழுந்தான்.

"சார், குளிர்ந்தால் அடர்த்தி கூடும் என்றால், சுட்டால் குறையுமே? இப்போது மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து அந்த விமானம் கிளம்பினால்?"

இம்முறை நாம் அவசரப்படவில்லை. அன்று வெயில் 40 டிகிரி. சாக்கட்டியை எடுத்தோம், பையன்களும் கூடவே போட்டார்கள். கடலுக்குப் பக்கத்தில் தரையில் நிற்கும்போதே, அந்த விமானம் ஏறக்குறைய 3,000 அடி மலைமேல் நிற்பதற்குச் சமம் என்று விடை வந்தது.

"ஏறுவதற்கு முன்பே மூவாயிரம் அடி போய்விட்டதே, சார்!" என்று பையன் அங்கலாய்த்தான்.

"கடற்காற்று வரட்டும் சார், அப்புறம் கிளப்பலாம்" என்றது கடைசி பெஞ்சி.