கடவுளே முதல் மனிதர்

1763ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் லத்தீன் நூல் ஒன்று அச்சாகி வெளிவந்தது. இறைவனின் அன்பையும் ஞானத்தையும் பற்றிய நூல் அது. எழுதிய எமானுவேல் ஸ்வீடன்போர்க்குக்கு அப்போது வயது 75. தந்தை ஸ்வீடனில் ஸ்காரா மறைமாவட்டத்தின் பிஷப்பாக இருந்தவர். மகனோ தன் வாழ்வின் நல்ல பகுதியை அரசின் சுரங்க வாரியத்தில் கழித்தவர். 1718இல் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸின் போருக்காகக் கப்பல்களைத் தரைவழியே இழுத்துச் செல்லும் வேலையில் பொறியாளராக நின்றவர்; இரும்பையும் செம்பையும் உருக்கும் முறைகளைப் பற்றி 1734இல் பெருநூல்கள் வெளியிட்டவர். பிறகு மனித உடலுக்குள் ஆன்மாவைத் தேடி மூளையையும் இதயத்தையும் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஐம்பது வயதைத் தாண்டியபின் அவருக்குத் தெய்வக் காட்சிகள் வரத் தொடங்கின. 1747இல் வேலையை விட்டார்.

வானவர்களோடு பேசினேன் என்று அவர் சொன்னதை அன்றைக்கே பலர் ஏற்கவில்லை. தத்துவவாதி இமானுவேல் காண்ட் 1766இல் ஒரு தனி நூலே எழுதி அவரைக் கிண்டல் செய்தார். அந்தக் காட்சிகளை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அவற்றை ஒதுக்கிவிட்டுப் படித்தாலும் 1763இன் நூலில் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய ஒரு கருத்து மிஞ்சுகிறது: கடவுள் மனிதர். ஒரு காலத்தில் மனிதராகப் பிறந்தார் என்பதோடு அது நிற்கவில்லை. என்றென்றும் அவர்தான் முழு மனிதர், நாம் அவரைப் பார்த்து மனிதர் ஆகிறவர்கள் என்கிறார் ஸ்வீடன்போர்க்.

இதைக் கேட்டதும் எழும் மறுப்பு மிகப் பழையது. கிறிஸ்துவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கச் சிந்தனையாளர் செனோஃபனீஸ், குதிரைகளுக்கு வரையத் தெரிந்தால் தங்கள் கடவுளைக் குதிரையாகத்தான் வரையும் என்ற பொருளில் சொல்லிவிட்டார். 1841இல் ஜெர்மானியர் லுட்விக் ஃபாயர்பாஹ், மனிதன் தன் இயல்பையே பெரிதாக்கி வானத்தில் வைத்துக் கடவுள் என்று கும்பிடுகிறான் என்று விரிவாகவே வாதிட்டார். இரண்டும் வலுவான வாதங்கள். மனிதர் என்பது கண், மூக்கு, தாடி என்றால் அந்த வாதங்களுக்குப் பதிலே இல்லை.

ஆனால் ஸ்வீடன்போர்க் மனிதரை அப்படி அளக்கவில்லை. கடவுளை இடத்துக்குள் அடக்கி, இவ்வளவு உயரம் இவ்வளவு அகலம் என்று கற்பனை செய்வதை அவர் கண்டிக்கிறார். ஒருவரை மனிதராக்குவது அன்பும் ஞானமும். இரண்டும் கூடிப் பிறக்கும் பயன் மூன்றாவது. பிறரை நேசிப்பது, அவர்களோடு ஒன்றாக விரும்புவது, அவர்களின் மகிழ்ச்சியைத் தன் மகிழ்ச்சியாக உணர்வது, இதுதான் அன்பின் இயல்பு. எது நல்லது, அதை எப்படிச் செய்வது என்று காண்பது ஞானம். சூரியனிடம் வெப்பமும் ஒளியும் ஒன்றாக இருப்பதுபோல் இறைவனிடம் இவை பிரியாமல் இருக்கின்றன என்கிறார். உடலை ஆராய்ந்தவர் அல்லவா, நூலின் கடைசிப் பகுதியில் இதயத்தையும் நுரையீரலையும் எடுத்துக்கொள்கிறார். கருவில் இதயம் துடிக்கிறது, நுரையீரல் இன்னும் மூச்சு வாங்கவில்லை. பிறந்து முதல் மூச்சு உள்ளே போன பிறகே குழந்தை உணர்ந்து செயல்படும் வாழ்க்கை தொடங்குகிறது என்கிறார். அன்பு முதலில் வருகிறது. ஞானம் சேர்ந்தபிறகே அதற்குக் கைகால் முளைக்கிறது. பயன் என்பதை மூன்றாவதாகச் சேர்த்ததில் சுரங்க வாரியத்து அதிகாரியின் மனம் தெரிகிறது. வேலை செய்யாத இயந்திரத்தை மதிக்கப் பழகாதவர் அவர்.

இந்தக் கருத்தைத் தன் வாழ்க்கையாலேயே விளங்கிக்கொண்டவர் ஹெலன் கெல்லர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் 1880இல் பிறந்து, 19 மாதக் குழந்தையாக இருந்தபோது நோயில் பார்வையையும் கேட்கும் திறனையும் இழந்தவர். வீட்டார் அவர்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். அந்தப் பாசத்தில், சாப்பாட்டு மேசையைச் சுற்றிவந்து எல்லார் தட்டிலும் கைவிட்டு அள்ளித் தின்ன விட்டார்கள். குழந்தைக்கு வேறென்ன சந்தோஷம் இருக்கிறது என்ற இரக்கம். 1887 மார்ச்சில் ஆசிரியையாக வந்த ஆன் சல்லிவன் அதை அனுமதிக்கவில்லை. இருபது வயதுப் பெண் அவர். பார்வைக் குறைபாட்டோடு வளர்ந்தவர். குடும்பத்தாரை வெளியே அனுப்பிவிட்டு, அடி உதை வாங்கியபடி, சிறுமியைக் கரண்டியால் சாப்பிட வைத்தார். அடுத்த மாதம் தண்ணீர்க் குழாயடியில், ஒரு கையில் நீர் விழ, மறு கையில் எழுத்துகளை விரலால் எழுதிக் காட்டினார். பொருள்களுக்குப் பெயர் உண்டு என்பது அன்றுதான் ஹெலனுக்குப் புரிந்தது. பெற்றோரிடம் இருந்த அன்புக்குக் குறைவில்லை, வழி தெரியவில்லை. சல்லிவனிடம் வழியும் சேர்ந்திருந்தது.

பதின்ம வயதில் ஹெலனுக்கு ஸ்வீடன்போர்க்கின் நூல் ஒன்றை பிரெய்லியில் தந்தவர் ஜான் ஹிட்ஸ் என்ற பெரியவர், சுவிட்சர்லாந்தின் முன்னாள் தூதரக அதிகாரி. ஹெலன் அதை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1927இல் தன் சமய நம்பிக்கையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். இதில் வியப்பில்லை. முகங்களைப் பார்க்காமலே வளர்ந்த ஒருவருக்கு மனிதர் என்றால் உருவமல்ல. தன் உள்ளங்கையில் பொறுமையோடு எழுதும் விரல்தான் மனிதர். செனோஃபனீஸின் குதிரைக்கு இதைவிட நல்ல பதில் ஏட்டில் கிடைக்காது.

சென்னையிலும் ஒருவர் இந்தக் கருத்தை வரவேற்றார். டி. கோபால் செட்டி 1923இல் ஸ்வீடன்போர்க்கையும் சைவ சித்தாந்தத்தையும் ஒப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அந்த ஒப்பீட்டுக்கு நியாயம் உண்டு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், இறைவனின் திருமேனி மாயையால் ஆனதல்ல, அருளால் ஆனது என்று வாதிடுகிறது. உருவத்தைச் சதையிலிருந்து பிரித்து அன்போடு சேர்க்கும் அதே முயற்சி. வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது: சித்தாந்தத்தில் உயிர்கள் யாராலும் படைக்கப்படாதவை, அநாதியானவை. ஸ்வீடன்போர்க்குக்கோ எல்லாமே இறைவனால் படைக்கப்பட்டவை. நேசிக்கப் பிறர் வேண்டும் என்பதற்காகவே அன்பு உலகைப் படைத்தது.

கடவுளை இப்படி எண்ணுகிறவர் மனிதர்களை எப்படி நடத்துவார் என்பதுதான் எஞ்சும் கேள்வி. ஆப்பிரிக்கர்கள் கடவுளை மனிதராகவே எண்ணி வழிபடுகிறார்கள் என்று 1763இன் நூலிலேயே ஸ்வீடன்போர்க் மதிப்போடு எழுதியிருந்தார். அவர் ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை. ஆனால் ஆப்பிரிக்கர்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சரக்காக விற்ற நூற்றாண்டு அது. அவருடைய நூல்களில் ஊறிய ஸ்வீடன்காரர் கார்ல் பெர்னார்ட் வாட்ஸ்ட்ரோம் 1787இல் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கே போனார். அடிமை வியாபாரம் நடக்கும் விதத்தை நேரில் பார்த்தார். 1788இல் லண்டனில் அரசு விசாரணைக் குழுவின் முன் கண்டதைச் சாட்சியாகச் சொன்னார். அந்த நகரில் பீட்டர் பனா என்ற ஆப்பிரிக்க இளைஞரைப் பணம் கொடுத்து மீட்டுப் படிக்க வைத்தார். 1789இல் ஓவியர் கார்ல் பிரெட்ரிக் வான் பிரெடா அவர்கள் இருவரையும் ஒரே படத்தில் வரைந்திருக்கிறார். வாட்ஸ்ட்ரோம் 1799இல் பாரிசில் இறந்தார். அடிமை வியாபாரத்தைப் பிரிட்டன் சட்டம் போட்டுத் தடுத்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து.