சாயம் போகாத சந்தோஷம்

திருப்பூரிலிருந்து அவிநாசி ரோட்டில் போய், அனுப்பர்பாளையம் புதூரில் உள்ளே திரும்பினால் வேலம்பாளையம். ‘15 வேலம்பாளையம்’ என்று நம்பரோடு சொன்னால்தான் உள்ளூர்க்காரர்களுக்குத் திருப்தி. ‘‘மீதி பதினாலு எங்கீங்க?’’ என்று கேட்டுவிடாதீர்கள். வெளியூர் ஆசாமி என்று தெரிந்துபோகும்! தனி நகராட்சியாக இருந்த ஊர், 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பக்கத்து அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் தட்டும் சத்தம் என்றால், இங்கே ஓவர்லாக், பேட்லாக் மிஷின் சத்தம்.

இந்த ஊரில் சந்தோஷத்துக்குக் கிழமை உண்டு. சனி! சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் பார்த்த களைப்பெல்லாம் கையில் காசு விழுந்ததும் போயே போச்சு. டெய்லர், கைமடி, செக்கிங், எல்லார் முகத்திலும் பல்ப் எரியும். ஞாயிறு புரோட்டா, சினிமா, கடைவீதி. திங்கள் காலை எட்டரைக்கு பல்ப் பியூஸ்! ஆபீஸ் போகிற அண்ணன்மார்களே, சிரிக்காதீர்கள். உங்களுக்குச் சனிக்கிழமைக்குப் பதில் ஒண்ணாம் தேதி. கதை ஒன்றுதான்.

நிலைத்து நிற்கிற சந்தோஷம் என்று ஒன்று உண்டா? சாயப்பட்டறையில் ஒரு பாடம் இருக்கிறது. பருத்தித் துணிக்கு ஏற்றும் சாயத்தில் ஒரு பகுதி நூலோடு நூலாகப் பிணைந்துவிடும். மிச்சம் சும்மா மேலே ஒட்டி நிற்கும். சோப்புத் தண்ணீரில் அலசினால் மேலே இருப்பது ஓடிவிடும். துவைத்து, தேய்த்து, வியர்வை மாதிரியான நீரில் நனைத்தும் சாயம் நின்றால்தான் வெளிநாட்டு பார்ட்டி வாங்குவான்.

சம்பள சந்தோஷம் மேலே ஒட்டின சாயம். கிறிஸ்துவை நம்பினால் வரும் சந்தோஷம் நூலுக்குள் இறங்கும் என்கிறார்கள் கிறிஸ்தவர்கள். நிஜமா? டெஸ்ட் பண்ணிப் பார்க்க நல்ல சாம்பிள் ஒன்று இருக்கிறது. இங்கே பனியன் தைக்க வந்த தெற்கத்திக்காரர்களின் திருநெல்வேலிப் பக்கம், டோனாவூர் கிராமத்தில்.

ஏமி கார்மைக்கேல். 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். அவருக்கும் மில்லுக்கும் சம்பந்தம் உண்டு. பெல்ஃபாஸ்ட் நகரத்து மில் பெண்கள், தொப்பி வாங்க வசதியில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு போவார்கள். அவர்களைச் சேர்த்து ஜெபமும் பாடமும் நடத்தினார். 1889-ல் அவர்களுக்காகத் தகரத்தில் ஒரு மண்டபமே எழும்பியது. அப்புறம் மான்செஸ்டர் (நம்ம கோயமுத்தூரின் பட்டப்பெயருக்கு ஒரிஜினல்!). அங்கே மில் தொழிலாளர் குடியிருப்பில் கரப்பான்பூச்சிகளோடு குடித்தனம். 1895-ல் இந்தியா வந்தவர், 1951-ல் கண்மூடும்வரை ஊர் திரும்பவில்லை. டோனாவூரில் நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயானார்.

டெஸ்ட் வந்தது 1931 அக்டோபரில். களக்காட்டில் ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது. அதன்பின் சுமார் 20 வருஷம் பெரும்பாலும் ஓர் அறையில், வலியோடு. ‘‘இத்தனை உழைச்சதுக்கு இதுதான் கூலியா சாமி?’’ என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கலாம். அவரோ படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். 1933-ல் வந்த ஒன்று, தன்னைப்போல நோயில் கிடப்பவர்களுக்காகவே.

எப்படி முடிந்தது? பைபிளில் பவுல் என்று ஒருவர். அவரும் கைத்தொழிலாளிதான், கூடாரம் செய்து பிழைத்தவர். பிலிப்பியருக்கு அவர் எழுதிய கடிதம் நாலே அதிகாரம்; திரும்பத் திரும்ப சந்தோஷம்தான் பேச்சு. எழுதிய இடமோ ஜெயில்! சந்தோஷத்தை அவர் சம்பளக் கவரிலிருந்து எடுக்கவில்லை. கிறிஸ்து தன்னைக் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையிலிருந்து எடுத்தார். ஏமி அம்மாளுக்கும் அதே கணக்கு. வலியே இல்லை என்று அவர் சாதிக்கவில்லை. வலிக்குள்ளும் ஒரு துணை உண்டு என்று நம்பினார். துணை போகாதவரை சந்தோஷமும் போகாது, அவ்வளவுதான்.

டோனாவூரில் அவர் கல்லறைக்குத் தலைக்கல் கிடையாது. அவர் வேண்டாம் என்றுவிட்டார். பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல். பண்டிகைக்குத் திருநெல்வேலி பஸ் ஏறுகிற வேலம்பாளையம் தம்பிகளே, வீட்டில் தலையைக் காட்டிவிட்டு ஓர் எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்க. பஸ் சார்ஜ்தான் செலவு.